தரையில் கொஞ்சம் நீலம்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் வீட்டம்மாவும் மகளும் கீழே போய்விட்டார்கள் அல்லவா? அப்படியென்றால் நமக்கு இனி வேலை இல்லை. கல்யாணச் சேலைக்குக் குஞ்சம் கட்ட வருகிற குடும்பங்களில் ஆண்களின் பங்கு கார் ஓட்டுவதோடு முடிந்துவிடும். முந்தானை ஓரத்தில் தொங்கப்போகிற நூல் என்ன நிறம் என்று நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. கோபியிலிருந்துதானே வருகிறீர்கள்? டீ போடுகிறேன். நன்றாகவே போடுவேன், பயப்படாதீர்கள்.

என் மனைவி அம்சவேணியின் பழைய கார்டில் இந்த வீட்டு முகவரிதான் இருக்கிறது. அதனால் பாதிப் பேர் நேரே இரண்டாவது மாடிக்கு ஏறி வந்து பெல் அடிப்பார்கள். நான் ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கீழே தெரிகிற நீலத் தகரக் கூரையைக் காட்டி, அதற்கு அந்தப் பக்கம் முன்வாசல் என்று சொல்லி அனுப்புவேன். பெண்கள் இறங்கிப் போவார்கள். ஆண்கள் அங்கே போய் என்ன செய்வது என்று யோசித்து என்னோடு தங்கிவிடுவார்கள். இப்படி எனக்கு நிறைய நண்பர்கள்.

அவள் அந்தக் கூரைக்கு அடியில் வேலை செய்வது தற்காலிக ஏற்பாடு சார். அம்சா வேலை செய்ய வேண்டிய அறை இதுதான், நாம் உட்கார்ந்திருக்கிற இந்த அறை. அவளுக்காகவே வாங்கியது. அவள் வரும்வரை சும்மா கிடக்க வேண்டாமே என்று என் கம்ப்யூட்டரை இங்கே வைத்திருக்கிறேன்.

சட்டையைப் பார்க்கிறீர்களா? அதைக் கேட்காதீர்கள். நாளைக்கு ஒரு கல்யாணம். சந்தன நிறத்தில் சட்டை வேண்டும் என்று சொன்னேன். நேற்று சாம்பல் நிறத்தில் வாங்கி வந்திருக்கிறாள். ஈரோடு முழுக்க நிறம் பார்த்துத் தருகிறவள்! கேட்டால், 'சந்தனந்தான், கண்ணத் தொடச்சிட்டுப் பாருங்க' என்கிறாள். அளவு சரியா என்று போட்டேன், இன்னும் கழற்றவில்லை. சாம்பல்தானே சார்? பார்த்தீர்களா, நீங்களே தலையாட்டுகிறீர்கள். இன்றைக்குக் காலையிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. சட்டைக்காக இல்லை, அது வேறு கதை. நான்கு மணிக்குள் ஒரு படம் அனுப்பியாக வேண்டும், அதனால். சொல்கிறேன்.

என் தொழில் வானம் சார். சிரிக்காதீர்கள். கட்டாத கட்டடத்துக்குப் படம் செய்து கொடுப்பவன் நான். பில்டர்கள் ரோட்டோரத்தில் பெரிய பேனர் வைக்கிறார்களே, வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம், முன்னால் புல்வெளி, மேலே துளி அழுக்கில்லாத வானம், அதுதான் என் வேலை. கட்டடத்தை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். அதன்மேல் பகல் வெளிச்சத்தை விழவைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கென்று மென்பொருள் உண்டு. ஊர், மாதம், மணி மூன்றையும் கொடுத்தால் சூரியனைச் சரியான இடத்தில் நிறுத்தும். அதற்குப் பிறகு மனுசன் வேலை. வானத்தில் மூட்டம் எவ்வளவு? அடிவானக் கோடு எவ்வளவு உயரத்தில்? அது கூர்மையாகத் தெரியலாமா, கொஞ்சம் கலங்கலாமா? வெயிலில் மஞ்சள் எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு இருக்கிறது. எங்கள் ஊர் உண்மையான வானத்தை வைத்தால் ஒரு வீடு விற்காது சார். புழுதி, புகை, வெளுத்த வேட்டி மாதிரி ஒரு வெள்ளை. நான் மூட்டத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிடுவேன். மாதம் தை, மணி பத்தரை. எங்கள் கம்பெனி வீடுகள் எல்லாவற்றிலும் தை மாதம் பத்தரை மணிதான். சித்திரை வெயிலை நாங்கள் வைத்ததே கிடையாது.

வானத்தைவிட முக்கியமானது தரை. இது நிறையப் பேருக்குத் தெரியாது. தரைக்கு ஒரு நிறம் கொடுக்க வேண்டும். அது தரையில் தெரிவதற்கு மட்டும் அல்ல. வெயில் தரையில் பட்டு எகிறி, ஜன்னல் வழியாக உள்ளே போய், சீலிங்கில் விழும். செம்மண்ணாக வைத்தால் சீலிங் சிவக்கும். புல்லாக வைத்தால் பச்சை அடிக்கும். அதனால் நான் எப்போதும் வெளுத்த மணல் நிறம்தான் வைப்பேன். கெடுதல் இல்லாத நிறம்.

இந்தக் கட்டடத்துக்கும் அப்படித்தான் வைத்தேன். வடக்குப் பக்கம் இந்தக் கொட்டகை அப்போதே இருந்தது. கல்யாணத்துக்கு நாற்காலி, பாத்திரம், ஜமுக்காளம் வாடகைக்கு விடுகிற சென்னியப்பன் என்பவருடைய கொட்டகை. நீலத் தகரம், ஊரில் பாதிக் கொட்டகைக்கு இருக்கிற அதே நீலம். எங்கள் எம்.டி. படத்தைப் பார்த்துவிட்டு, "பூபதி, இந்தத் தகரம் எதுக்கு? எடுத்துடு. ரெண்டு தென்ன மரம் வெய்யி" என்றார். எடுத்தேன். ஒரு தட்டு, அவ்வளவுதான். தென்னை வந்தது, மணல் வந்தது, வடக்கு அறைக்குள் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள் சார், பால் மாதிரி. நான் செய்ததிலேயே சிறந்த அறை.

அப்போது அம்சா வாடகை வீட்டில் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். நூல் நிறம் பார்க்க ஒவ்வொரு தடவையும் சேலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள். ஜவுளிக் கடையிலேயே பார்த்திருப்பீர்கள், எவ்வளவு விளக்குப் போட்டாலும் நம் பெண்கள் சேலையை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பார்த்துத்தான் திருப்தி அடைவார்கள். நான் இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "வடக்கு வெளிச்சம். நாளெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இனிமே நீ தெருவுக்கு ஓட வேண்டாம்" என்றேன். நெடுநேரம் பார்த்தாள். "நெசமா இப்படி இருக்குமா?" என்றாள். "நான் செஞ்சதுடி" என்றேன்.

அது நிஜந்தானே? நான்தான் செய்தேன்.

முதலில் முன்பதிவு செய்த ஆள் நான்தான் சார். எம்.டி. ஆச்சரியமாகப் பார்த்தார். "நீயுமா பூபதி?" என்றார். அது பாராட்டா என்ன என்று இன்றுவரை பிடிபடவில்லை.

வைகாசியில் குடி வந்தோம். ஜன்னலைத் திறந்தாள். கீழே நீலம். "இது என்னங்க?" என்றாள். கொட்டகை என்றேன். "படத்துல இல்லையே?" என்றாள். "படம்தானடி" என்றேன். சார், நான் பொய் சொல்லவில்லை. இரண்டு வருடம் அந்தப் படத்தோடேயே உட்கார்ந்திருந்தவன் நான். தென்னையும் மணலும் எனக்கு அவ்வளவு பழகிவிட்டன. கொட்டகையைப் பார்த்ததும் யாரோ நடுவில் வந்து கட்டிவிட்டார்கள் என்றே ஒரு நொடி நினைத்தேன்.

முதல் வாரமே ஒரு கல்யாணச் சேலை. மாந்துளிர் நிறம், நல்ல பட்டு. அதற்கு நூல் எடுத்து, முடிச்சுப் போட்டு, மணி கோத்து, அம்சா ராப்பகலாகக் கட்டினாள். இந்த அறையில் வைத்துப் பார்த்தால் சேலையும் நூலும் இரட்டைப் பிள்ளைகள். பெண்ணின் அத்தை வந்து வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். காரில் வைக்கும்போது வெயிலில் விரித்துப் பார்த்திருக்கிறார். அங்கிருந்தே கத்தினார். "ஏம்மா அம்சவேணி, சேல ஒரு ஊரு, குஞ்சம் ஒரு ஊரா இருக்குதே! இதக் கட்டீட்டு எம் புள்ள எப்படி மணவறைல உக்காரும்?" அக்கம்பக்கத்துப் பால்கனி எல்லாம் நிறைந்துவிட்டது. அம்சா இறங்கிப் போய்ப் பார்த்தாள். சேலையை வாங்கிக்கொண்டு வந்து, கட்டியதையெல்லாம் அவிழ்த்து, அப்பார்ட்மெண்ட் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாட்ச்மேன் பார்க்க, திரும்பக் கட்டினாள். சொந்த வீடு வாங்கியும் தெருவில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

நான் சும்மா இருக்கிறவன் இல்லை. அன்றைக்கே இந்த அறையை மென்பொருளில் திறந்தேன். மணலை எடுத்தேன், நீலக் கொட்டகையைத் திரும்ப வைத்தேன். வைகாசி மாதம், மத்தியானம். சார், அப்படியே வந்தது! சீலிங் முழுக்க நீலம். சுவர் மூலையில்கூட நீலம். நான் சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "அம்சா, கண்டுபுடிச்சுட்டேன்! கூரையிலிருந்து நீலம் எகிறுது!" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ரூம்பு நீலமா இருக்குதுன்னு வந்த நாள்லயிருந்து சொல்லீட்டிருக்கறேன். அதுக்குக் கம்ப்யூட்டர் வந்து சர்டிபிகேட் குடுக்கோணுமா?" என்றாள். கண்டுபிடிப்புக்கு நம் வீட்டில் மரியாதை கிடையாது சார். டீயில் சர்க்கரை போதுமா?

சரி, கூரையை வெள்ளையாக்கினால் தீர்ந்தது. சென்னியப்பனைப் போய்ப் பார்த்தேன். கொட்டகை கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசினேன். மனுசன் பித்தளை அண்டாவைத் துடைத்துக்கொண்டே, "ஏங்கண்ணு, கூரை என்னுது, சன்னல் உன்னுது. எது முன்னால வந்துச்சு?" என்று கேட்டார்.

"கூரைதானுங்க" என்றேன்.

"அப்ப சன்னலுக்குத்தானே வெள்ளையடிக்கோணும்?"

நான் பொறுமையாக விளக்கினேன். தரை நிறம், எகிறும் வெளிச்சம், எல்லாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க கம்பெனி பேனர மெயின் ரோட்டுல ரெண்டு வருசம் வெச்சிருந்தீங்க. அதுல என்ற கொட்டகையவே காணோம். தென்ன மரம் நிக்குது. என்ற மருமகன் திருப்பூர்ல இருந்து போன் பண்றான், ஏன் மாமா, கொட்டகைய வித்துப்போட்டீங்களா, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலையேன்னு. வீட்டுல ஒரு வாரம் பஞ்சாயத்து. அந்தப் பொம்மைப் படத்தப் போட்டது யாருங்கண்ணு?" என்றார்.

கம்பெனி என்றேன். கம்பெனிதானே?

"பொம்மைல என்னையத் தூக்கிப்போட்டீங்க. இப்ப நெசத்துக்கு வந்து கேக்கறீங்க. பாக்கலாம், பாக்கலாம்" என்று அண்டாவுக்குள் தலையை விட்டுவிட்டார். பிடிவாதக்காரர். சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொள்கிற ஆள்.

நானும் விடவில்லை. இரண்டு நாள் கழித்து, பெயின்ட் வேண்டாம், மேலே ஏதாவது விரித்துக்கொள்கிறேன் என்று போனில் கேட்டேன். "விரிச்சுக்க கண்ணு, வத்தல் காயப்போட்டாலும் சரி" என்றார். விரிக்க என்ன இருக்கிறது? கம்பெனி கிடங்கில் பழைய பேனர் சுருட்டிக் கிடந்தது. ஆமாம், அதே பேனர்தான். பின்பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி கூரையில் விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்துக் கட்டினேன். மேலே வந்து பார்த்தால் அறை பளிச்சென்று இருக்கிறது! அம்சாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளே சிரித்தாள் சார். "பரவால்லைங்களே" என்றாள். அந்த ஒரு மத்தியானம் அவள் இங்கே, இதோ இந்த மூலையில், உட்கார்ந்து நூல் பிரித்தாள்.

ஆனி பிறந்தது, காற்று வந்தது. நம் பக்கத்துக் காற்றுதான் தெரியுமே. ஒரு நாள் சாயங்காலம் படாரென்று சத்தம். பேனர் புரண்டு, முன்பக்கம் மேலே வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் கீழே என் வானம் சார். கூரை அகலத்துக்கு, மூட்டம் பூஜ்யம் வைத்த என் வானம், தகரத்தைவிட அடர்ந்த நீலத்தில் ஜொலித்துக்கொண்டு கிடக்கிறது. நடுவில் இந்தக் கட்டடம், பக்கத்தில் இரண்டு தென்னை. அறைக்குள் மீன் தொட்டி மாதிரி வெளிச்சம். அம்சா எட்டிப் பார்த்தாள். "மேல இருக்க வேண்டியதக் கீழ போட்டா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நூல் பெட்டியை மூடினாள். சென்னியப்பன் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுலயும் என்ற கொட்டகை இல்லீங்க" என்று கத்தினார். கொட்டகைமேல் கிடக்கிற படத்தில் கொட்டகை இல்லையாம். அப்படி ஒரு சிரிப்பு.

மறுநாள் அம்சா தானே போய் அவரிடம் பேசிவிட்டு வந்தாள். வரும்போதே முகம் தெளிந்திருந்தது. "ஒத்துக்கிட்டாருங்க" என்றாள். நான் பெயின்டுக்கு ஒத்துக்கொண்டார் என்று நினைத்து எந்த வெள்ளை நல்லது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கொட்டகையின் முன்பக்கத்தில் அவளுக்கு இடம் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். நாற்காலி வாடகைக்கு எடுக்க வருகிற கல்யாண வீட்டார் எல்லாரும் அந்த வாசலுக்குத்தானே வர வேண்டும், அங்கேயே குஞ்சமும் கட்டிக்கொடுத்தால் அவருக்கும் கூட்டம், இவளுக்கும் கூட்டம். "கூரைக்கு வெள்ளையடிக்கற வரைக்கும்தான?" என்று கேட்டேன். "ஆமாங்க, அடிக்கற வரைக்கும்" என்றாள்.

அது போன வருடம் ஆனி.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? சீலிங்கைப் பாருங்கள். வெள்ளை மாதிரி தெரிகிறது அல்லவா? வெள்ளை இல்லை. எலுமிச்சை மஞ்சள். நீலத்தை மஞ்சள் தின்றுவிடும். எவ்வளவு மஞ்சள் என்று மென்பொருளில் வைத்துப் பார்த்து, அதே மாதிரி கலக்கச் சொல்லி அடித்தேன். இப்போது இந்த அறையில் நீலம் துளிகூட இல்லை. நான் தினமும் எட்டு மணி நேரம் இங்கேதான் உட்காருகிறேன், எனக்குத் தெரியாதா? அம்சாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அறை தயார், மேலே வா என்று. அவள், "கூரைக்கு வெள்ளையடிக்கட்டுங்க" என்கிறாள். சரி, அவளுக்கு ஒரு பிடிவாதம்.

இதில் வேடிக்கையைக் கேளுங்கள். தைப்பொங்கலுக்கு எங்கள் எம்.டி.யே அந்தக் கூரைக்கு வெள்ளையடித்துத் தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். பக்கத்து மனையில் இரண்டாவது கட்டடம் வரப்போகிறது, அவருக்கும் தேவை. சென்னியப்பனும் சரி என்று சொல்லிவிட்டார். பெயின்டர் ஏணியோடு வந்துவிட்டான். அம்சா வாசலிலேயே மறித்து, "இப்ப வேண்டாம், முகூர்த்த சீசன், சேலைல தெளிச்சிடும்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். சீசன் முடிந்து மறுபடி வந்தான். "நீலக் கொட்டகைன்னு கேட்டுத்தான் எல்லாரும் வராங்க, இப்ப வெள்ளையடிச்சா எப்படிக் கண்டுபுடிப்பாங்க" என்று மறுபடி அனுப்பிவிட்டாள். சார், வெள்ளையடித்தால்தானே அவள் மேலே வர முடியும்? அடிக்க வந்தவனையும் இவளே விரட்டினால்? நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?

சரி, காலையில் நடந்ததற்கு வருகிறேன். இரண்டாவது கட்டடத்துக்குப் படம் கேட்டிருக்கிறார்கள். ரோட்டிலிருந்து பார்ப்பது போல. அப்படிப் பார்த்தால் கொட்டகையின் முன்பக்கம் நடுவில் வரும். எம்.டி. போனில், "தெரிஞ்சதுதான பூபதி, எடுத்துடு. இந்தத் தடவ புல்வெளி வெய்யி, ஒரு பெஞ்ச் போடு" என்றார். எடுத்துவிட்டேன். இதோ பாருங்கள், திரையில். அழகாக இல்லை? பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் மென்பொருளோடு வருகிற ஆள். அதில் வருகிறவர்கள் எல்லாருமே வெளிநாட்டுக்காரர்கள்தான், கோட்டுப் போட்டு, காப்பிக் கோப்பையோடு. ஈரோட்டு வெயிலில் கோட்டு. யாரும் கேட்டதில்லை.

அம்சா காலையில் கிளம்பும்போது திரையைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். "கொட்டகை எங்கீங்க?" என்றாள். எம்.டி. எடுக்கச் சொன்னார் என்றேன். "போன தடவ அது சென்னியப்பண்ணன் கொட்டகை. இந்தத் தடவ அதுக்குள்ள நான் இருக்கறனுங்க" என்றாள். "படம்தானடி" என்றேன். "அதயேதான் அப்பவும் சொன்னீங்க. நாலு மணிக்கு அனுப்பறதுக்கு முன்னால ஒருக்கா கீழ வந்து, எதத் தூக்கறீங்கன்னு பாத்துட்டாவது தூக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். போன் செய்தால் எடுக்கவில்லை.

நான் இதுவரை அந்தக் கொட்டகைக்குள் போனதில்லை, உண்மைதான். வேலை சார். அதோடு அங்கே என்ன பார்க்க இருக்கிறது? அண்டா, நாற்காலி, நீலத் தகரம். தினமும் ஜன்னலிலிருந்து பார்க்கிறேனே. படத்தில் ஒரு தகரத்தை எடுத்தால் அவளையா எடுத்ததாக ஆகும்? நீங்களே சொல்லுங்கள். இதை அனுப்பாவிட்டால் எம்.டி. வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அனுப்பினால் இவள் எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ. பெண்கள்…

உங்கள் போன் அடிக்கிறது, எடுங்கள்.

என்ன, ரவிக்கைத் துணியா? காரிலேயே விட்டுவிட்டார்களா? கொண்டுவரச் சொல்கிறார்களா? போகலாம், நானும் வருகிறேன், முன்வாசல் சுற்றிக்கொண்டு போக வேண்டும், உங்களுக்கு வழி தெரியாது. அவளுக்காக இல்லை, உங்களுக்காகத்தான். படி பார்த்து இறங்குங்கள், இந்த இடத்தில் லைட் எரியாது. இதுவும் படத்தில் எரிந்தது.

இப்படி வாருங்கள். கார் அதுதானா? சரி, எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சந்து வழியாக. இதோ, இதுதான் முன்வாசல்.

அட.

இவ்வளவு கூட்டமா? நாற்காலி அடுக்குகள் மேலெல்லாம் சேலை. மேலே பாருங்கள் சார், கூரையின் அடிப்பக்கம் வெள்ளை! நீலத்தகரம் என்றால் இரண்டு பக்கமும் நீலம் என்றல்லவா… மேலே இருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? வடக்கு முழுக்கத் திறந்து கிடக்கிறது. தரையில் வெறும் சிமென்ட். பால் மாதிரி வெளிச்சம்.

நான் வைத்த அதே வெளிச்சம் சார் இது. மணல் நிறத்துக்கு வைத்தேனே, அது.

வணக்கமுங்க. ஆமாங்க சென்னியப்பண்ணா, ஒரு வழியா வந்துட்டேன். இல்லீங்க, வெள்ளையடிக்கறதப் பத்திப் பேச வரலீங்க. இவரு கோபிக்காரரு, ரவிக்கத் துணி குடுக்க வந்தோம்.

என்ன அம்சா? சட்டையா? இல்ல, கழட்டல, அளவு பாத்தேன். ஏன், என்ன இப்ப… 

சார். கொஞ்சம் இப்படி வாருங்கள். இந்தச் சட்டை என்ன நிறம்? சந்தனமா? மேலே சாம்பலாகத்தானே இருந்தது? நீங்களும்தானே தலையாட்டினீர்கள்? உங்களுக்கும் சாம்பலாகத்தான் தெரிந்தது, அப்படித்தானே? சரி, சரி. எல்லாரும் சிரிக்க வேண்டாம். சீலிங்குக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இரு அம்சா, எம்.டி. கூப்பிடறாரு. சார்? சொல்லுங்க சார். ஆமா சார், நாலு மணின்னுதான் சொன்னேன். கொஞ்சம் லேட்டாகும் சார். இல்ல, வானம் எல்லாம் சரியா இருக்கு. தரைதான் சார். தரையில கொஞ்சம் நீலம் சேக்கணும். ஆமா, கொட்டகை. திரும்ப வெக்கறேன். அது இல்லைன்னா அந்தப் பக்கத்து வீடுங்களுக்கெல்லாம் சீலிங் தப்பா வரும் சார், அப்புறம் குடி வரவங்க நம்மளத்தான் கேப்பாங்க. சார்? சார், கத்தாதீங்க, நான் கொட்டகையிலதான் நிக்கறேன், இங்க கல்யாண வீட்டுக்காரங்க நெறைய இருக்காங்க. வெச்சுட்டாரு.

கத்தட்டும். அவள் சொன்னதற்காக இல்லை சார், நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. தொழில் என்றால் ஒரு சுத்தம் வேண்டும். இருக்கிறது இருக்க வேண்டும்.

அம்சா, அப்படியே நில்லு. நகராதே. ஒரு போட்டோ எடுத்துக்கறேன். எதுக்கா? கொட்டகைய வெச்சா அதுக்குள்ள ஆள் வேணாமா? கம்ப்யூட்டர்ல சேல கட்டுன பொம்மையே கிடையாது, எல்லாம் கோட்டுதான். கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பு. உன் சேல என்ன கலர்? வெங்காயச் சருகா? சரி.

சார், ஒரு உதவி. வெங்காயச் சருகு. மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் நான் கேட்பேன், அங்கே எனக்கு வேறு மாதிரி தெரியும்.